பட்டப்பகலில் ஒரு தூக்கம்

"ஏளா, பந்தைக் காலால தொட்டிருக்கியா நீ? புஸ்தகம் படிச்சா எல்லாம் வெளங்கிருமாக்கும்?"

அண்ணன் அந்தோணி, தங்கச்சி என்னைக் கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இந்தக் கேள்வியைச் சும்மா விடுவேனா?

நடந்தது இதுதான். புதுத் துறைமுகத்தின் கால்பந்து அணி அண்ணனைச் சோதித்துப் பார்த்தது. தேறினால் துறைமுகத்தில் நிரந்தர வேலை — பந்தாடுவதற்கே சம்பளம்! முதல் ஆட்டத்தில் இடைவேளை வரை பறந்தான். அப்புறம்... கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அடுத்த ஞாயிறு இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி என்று சொல்லிவிட்டார் கோச்.

முந்தின நாள் ஓய்வெடுத்தாயா என்று கேட்டேன். கடலுக்கே போகவில்லை, பொழுது சாயும்வரை உட்கார்ந்துதான் இருந்தேன் என்றான்.

எங்கே உட்கார்ந்தான்? வலைக்கு முன்னால்!

கடலுக்குப் போகாத நாளில் கிழிந்த வலையைச் சரிசெய்வது — எங்கள் கரையில் ஓய்வு என்றால் அதுதான். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட வேண்டும். கைதான் வேலை செய்கிறது என்று எல்லாருக்கும் நினைப்பு. அந்தக் கால் அல்லவா நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறது?

நூலகத்தில் ஓர் ஆங்கில விளையாட்டுப் பத்திரிகை பார்த்திருந்தேன். சீமையில் பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள், முந்தின நாள் லேசான பயிற்சியோடு நிறுத்திக்கொள்வார்களாம். ஆட்டத்தன்று நேரத்தோடு சாப்பாடு. பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு — தூக்கம்! அதுவும் வேலையில் சேர்த்தியாம்.

இதைச் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. ஆனால் இழுத்த கால் அவனுடையது... வேறு வழி? சனிக்கிழமை வலைப் பக்கமே போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுப் படுத்தான். ஜன்னலில் வள்ளத்துப் பழைய பாய்த்துணியைக் கட்டினேன்.

அம்மா பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏலே, மேலுக்குச் சொகமில்லையா?" பக்கத்து வீட்டு அக்கா சுக்குக் கஷாயத்தோடு வந்து நின்றாள். பட்டப்பகலில் ஆம்பிளை படுத்தால் ஊர் என்ன நினைக்கும்? ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

வீடு மெல்ல அடங்கியது. பாய்த்துணி வழியே வெயில் தேன் நிறத்தில் கசிந்தது. எங்கோ ஒரு கப்பல் ஊதியது. அலைச் சத்தமும் அண்ணனின் மூச்சும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கின. கரையேற்றிய வள்ளங்கள் போல அவன் கால்கள் சாய்ந்து கிடந்தன. எதையும் இழுக்காமல் அவை கிடந்து அன்றுதான் பார்த்தேன்.

சாயங்கால ஆட்டத்தில் அவன் கோல் எதுவும் போடவில்லை. ஆனால் கடைசி விசில் வரை ஓடினான். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு என்றார் கோச்.

உழைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சும்மா இருக்கத்தான் ஒரு வாத்தியார் வேண்டியிருக்கிறது!

போன வாரம் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "ஏளா, எங்க டீமுல பாதிப்பேரு வலைக்காரப் பயலுவதான். ஒத்த ரூம்ல ஒம்பது பேரு இருக்க வீடு. அவனுவ எங்கன போய்ப் படுப்பானுவ?"

நான் டைப்பிஸ்டாக இருக்கும் சரக்கு ஏஜெண்டு ஆபீசின் மாடி, ஞாயிற்றுக்கிழமைகளில் காலி. முதலாளியிடம் கேட்டேன். வெகுநேரம் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

நேற்றே போய்த் தரையைக் கழுவி, டீம் முழுசுக்குமாகப் பதினொரு பாய் விரித்துவிட்டு வந்தேன்.