வாசிக்காமல் சைன் வைக்காத அங்கிள்

இன்று வெள்ளவத்தையில் போட்டோகொப்பிக் கடை அங்கிளிடம் ஒரு குறும்பு செய்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

பாலியல் வன்முறை முறைப்பாட்டைப் பாதிக்கப்பட்டவரின் மொழியிலேயே எழுத வேண்டும், துணைக்கு ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும், இதைச் சட்டமாக்குங்கள் என்று பாராளுமன்றத்துக்கு ஒரு மனு. தமிழிலும் சிங்களத்திலும் அடித்து, நானும் தோழிகளும் கையெழுத்துச் சேர்க்கிறோம்.

அங்கிள் கொப்பி அடித்தபடியே சொன்னார்: "இதுக்கெல்லாம் ஒரு சட்டமோ பிள்ளை? பொலிசில போய்ச் சொன்னா எழுதுவினம்தானே."

சிங்களப் பிரதியை மட்டும் நீட்டினேன். "சரி அங்கிள், இதில ஒரு சைன் வையுங்கோ."

"எனக்குச் சிங்களம் கதைக்கத்தான் தெரியும். என்ன எழுதியிருக்கெண்டு தெரியாம எப்பிடி வைக்கிறது? விசரோ?"

"என்ட ஃபிரெண்ட் அப்பிடித் தெரியாமத்தான் வச்சவள், அங்கிள். பஸ்ஸில ஒருத்தன் கை வச்சதெண்டு சொல்லி அழுதவள். பொலிசில அவை நெரிசல்ல தள்ளுப்பட்டதெண்டு சிங்களத்தில எழுதி, சைன் வாங்கிட்டினம்."

அங்கிள் மெஷினை நிறுத்தினார்.

தமிழ்ப் பிரதியை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார். கையெழுத்து வைத்தார். பிறகு மெதுவாக, "இன்னும் பத்துக் கொப்பி அடிக்கவோ?" என்றார்.

"ஐம்பது" என்றேன்.

சட்டம் எதற்கு என்று இன்னும் யோசிப்பவர்கள் கமெண்டில் விலாசத்தைப் போடுங்கள். பேனை நான் கொண்டுவருகிறேன்.