கடலில் ஒரு நிரை

கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு உடையப்பன் எழுந்து ஓடுகிறார். வெளியே ஏதோ எஞ்சின் சத்தம். "ஐயோ, உக்காருங்களேன்! அது லுமுட்லேர்ந்து ஆள ஏத்திட்டு வர்ற ஃபெரிலா!" என்று மனைவி நல்லம்மாள் கத்துவது காதில் ஏறுவதில்லை. கடற்கரை வரைக்கும் போய், ஃபெரிதான் என்று கண்ணால் பார்த்த பிறகே திரும்புகிறார். அதற்குள் கோப்பியில் ஈ விழுந்திருக்கும். அதற்கும் தாய்லாந்திலிருந்து மீன் பிடிக்க வரும் சயாம்காரனுக்குத்தான் திட்டு.

பங்கோர் தீவில் இந்த மனுஷர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான். ஆயர் தாவார்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது இங்கே வந்து, ஒரு சின்னப் படகும் ஒரே ஒரு வலையுமாகக் கடலில் இறங்கினார். தோட்டத்தில் ஒருவர் சீவுவதற்கென்று ஒதுக்கும் மரவரிசைக்கு நிரை என்று பெயர். இவர் கடலிலும் ஒரு நிரை பிடித்துக்கொண்டார்! கரையோர ஆழமில்லாத கடலில் மூங்கில் ஊன்றிச் சிவப்புத் துணி கட்டினார். ஊரே சிரித்தது.

"சிரிங்க மச்சான், நல்லா சிரிங்க. தோட்டத்துல என் நெரையில வேற எவனாச்சும் கத்தி வைப்பானா? கரையோரம் சின்னப் படகுக்குன்னு கவர்மெண்டே சொல்லிருச்சு. சயாம் படகுக்கு இங்க என்னலா வேலை?"

கேட்பதில் தப்பே இல்லை. கடலடியை வலையால் வாரிக்கொண்டு போகும் அந்த இழுவைப் படகுகள் ஒரு தடவை வந்து போனால் குஞ்சு மீன்கூட மிஞ்சாது. உடையப்பன் வீடு வீடாக ஏறி இறங்கி எல்லாரையும் சம்மதிக்க வைத்தார்: அந்நியப் படகுக்கு இந்தத் தீவில் ஐஸ் கிடையாது, படகுத்துறை ஜெட்டியில் கட்ட இடமும் கிடையாது.

போன வாரம் ஒன்று வசமாக மாட்டியது. ஜெட்டிக்கு எதிரே உடையப்பனின் வலைமேல் ஏறி, அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு, நகர முடியாமல் நின்றது. கேட்க வேண்டுமா! படகை விட்டுக்கொண்டு போய் வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். சயாம்காரர்கள் ஒன்றும் புரியாமல் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், பாவம்.

கூடப் போன சின்னையா நயமாகச் சொன்னார்: "அண்ணே, அவசரப்படாதீங்க. மெதுவா பிரிச்சா வலையக் காப்பாத்திரலாம். நாளைக்குள்ள முடிஞ்சிரும். அதுவரைக்கும் ஜெட்டியில கட்டட்டும்."

அந்த வலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அது உடையப்பனுக்குத் தெரியாதா என்ன? ஜெட்டியில் நின்ற நல்லம்மாளை ஒரு தடவை பார்த்தார்.

"இன்னிக்கு ஒண்ணு கட்டுனா நாளைக்குப் பத்து வந்து நிக்கும்லா" என்றவர், கத்தியோடு குதித்தார்.

வலை துண்டு துண்டாக மேலே மிதந்து வந்தது. நல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் தலை தூக்கிய உடையப்பன், கழுத்தில் கிழிந்த வலை தொங்க, மூச்சு வாங்கக்கூட நிற்காமல், கத்தி பிடித்த கையை நீட்டிச் சயாம்காரர்களுக்கு வெளிக்கடலைக் காட்டினார்.