திருப்பி வாசித்துக் காட்டிய பிலோமினா அக்கா

செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு கல்யாண அழைப்பிதழோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் தன் பெயருக்குப் பின்னால் ஐந்து பட்டங்கள் வரவேண்டும் என்று நின்றார். மூன்றுக்கு மேல் வரியில் இடமில்லை என்று நான் நின்றேன். அப்போதுதான் பிலோமினா அக்காவின் தங்கை மகள் ஷெரின் தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், பெரியம்மா மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவ. தேத்தண்ணிக்கு எழுப்பப் போனன். எழும்பேல்லை," என்றாள். நான் அந்தத் தகப்பனாரிடம் ஐந்தையும் போடுவோம் என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிற வழியெல்லாம், இனி இந்தப் பக்கம் வர எனக்கு என்ன வேலை இருக்கிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் புதிதாக வருபவர்களுக்காக நாலு வரி சொல்லவேண்டும். பிலோமினா அந்தோனிப்பிள்ளைக்கு எழுபத்தாறு வயது. புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அடுத்த வாரமே என் கணினித் தட்டச்சுக் கடைக்கு வந்தார். "நீர் வடிவா டைப் பண்ணுவீராம். கதைக்கிறதும் குறைவாம். எனக்கு ரெண்டும் வேணும்," என்றார். முதலாவது உண்மை. இரண்டாவது வதந்தி என்பதை ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். அன்று தொடங்கியதுதான் நம் காலாண்டிதழ். இதழுக்கு ஓர் எழுத்தாளர், அவரோடு ஒரு நீண்ட உரையாடல். அரசியல், சமூகம், எது நியாயம் எது அநியாயம் என்று அக்கா கேட்பார். நான் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வேன். கேள்விகள் அவருடையவை, எழுத்துப்பிழைகள் என்னுடையவை. இப்படியே பதினாறு வருடம் ஓடியது.

பதிலைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வருகிற கேள்விகளை அக்காவுக்குப் பிடிக்காது. நீதிமன்றத்தில் அப்படியான கேள்விகளை வேண்டிய மட்டும் மொழிபெயர்த்துவிட்டதாகச் சொல்வார். ஒரு நாவலாசிரியர், முதன்முதலில் எழுதியது எப்போது என்ற கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு காத்திருந்தார். அக்கா ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுவிட்டு, "கடைசியா எந்த விசயத்தில நீங்கள் உங்கட மனதை மாத்தினீங்கள்?" என்று கேட்டார். நாவலாசிரியர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார். பிறகு, தான் எதிலும் மனம் மாறியதில்லை என்றார். "அப்ப எங்களுக்கு இண்டைக்குப் பெரிய வேலை இல்லை," என்று அக்கா கருவியைப் பைக்குள் வைத்து எழும்பினார். மனிதர் வாசல்வரை வந்து மறித்தார். அதற்குப் பிறகு நாலு மணித்தியாலம் பேசினார். நம் இதழில் வந்தவற்றில் மிக நேர்மையான உரையாடல் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

கேட்பது மட்டுமல்ல, கேட்கப்படவும் தயாராக இருந்தார். நாடகம் எழுதும் ஓர் இளம்பெண் ஒருமுறை கேள்வியைத் திருப்பிவிட்டாள். "நீங்கள் கோட்டில மொழிபெயர்க்கேக்குள்ள ஒரு சொல்லையாவது கூட்டிக் குறைச்சிருக்கிறீங்களா அன்ரி?" அக்கா தயங்கவேயில்லை. "ஒருக்கா. ஒரு தாய் கூண்டில நிண்டு நீதவானைக் கெட்ட வார்த்தையால பேசினா. என்ன சொல்லுறா எண்டு அவர் என்னைக் கேட்டார். மிகவும் மனவருத்தத்தில இருக்கிறா எண்டு சொல்லிப்போட்டன். பிழைதான். திரும்ப அந்த நாள் வந்தாலும் அந்தப் பிழையைத்தான் செய்வன்." இது அச்சில் வேண்டுமா என்று நான் கேட்டேன். அதுதான் முதலில் வரவேண்டும் என்றார்.

நம் இதழுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எழுத்தாளர்கள் பலர் அதை நொந்துகொண்டார்கள். நீதிமன்றத்துக்கு வரும் வாக்குமூலங்களின் அடியில் 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை அக்கா அளவுக்கு நம்பியவர் வேறு யாரும் இல்லை. உரையாடலைத் தட்டச்சு செய்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவார். எழுத்தாளரை எதிரில் இருத்தி, அவர் சொன்னதையெல்லாம் அவருக்கே உரத்து வாசித்துக் காட்டுவார். ஏற்ற இறக்கம் இல்லாத குரல், நிதானமான வேகம். அழகாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருந்த வசனங்கள் அந்தக் குரலில் வரும்போது அரைவாசி வெளிறிப்போகும். விரும்பியதை வெட்டலாம், திருத்தலாம். ஆனால் கடைசியில் கையெழுத்து வைக்கவேண்டும். "எழுத்தாளர்மாருக்குத் தாங்கள் எழுதினது தெரியும். தாங்கள் கதைச்சதுதான் தெரியாது," என்பார்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு சிறப்பிதழ் செய்தோம். இரண்டு எழுத்தாளர்கள், ஒரே கேள்விகள். ஒருவர் வெள்ளவத்தைச் சண்முகராசா ஐயா. சிறுகதை எழுதுபவர், பழைய தொழிற்சங்கக்காரர். மற்றவர் ஜிந்துப்பிட்டிக் கவிஞர் வேலாயுதம். இருவரும் ஒருகாலத்தில் ஒரே சிகரெட்டைப் பாதி பாதியாகப் புகைத்தவர்கள். யுத்த காலத்தில் வேலாயுதம் எதுவும் எழுதாமல் இருந்தார். ஒரு கூட்டத்தில் சண்முகராசா ஐயா அவரை 'வாயை அடகு வைத்த கவிஞர்' என்று சொல்லிவிட்டார். அதோடு இருபது வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. புத்தக வெளியீடுகளில் இருவரையும் மண்டபத்தின் இரண்டு பக்கத்தில் இருத்துவார்கள். இருவரிடமும் அக்கா கேட்ட கடைசிக் கேள்வி ஒன்றுதான். கெட்ட காலத்தில் பேசாமல் இருந்தவன் குற்றவாளியா?

அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கண்ணில் வளர்ந்த வெண்படலத்தை ஒப்பரேசன் செய்து எடுத்தார்கள். ஆகவே சண்முகராசா ஐயாவுக்கு வாசித்துக் காட்ட என்னை அனுப்பினார். நான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. அக்காவைப் போலவே நிதானமாக வாசிக்கவேண்டும் என்ற கவலையில், என்ன வாசிக்கிறேன் என்பதை நான் கவனிக்கவில்லை. தட்டச்சுக்காரனுக்கு அர்த்தம் கடைசியாகத்தான் வந்து சேரும். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசிப் பதிலில் இப்படி இருந்தது: 'பேசாமல் இருந்தவனுக்குத் தீர்ப்புச் சொல்லுமுன், அன்று அவன் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கவேண்டும். தொட்டிலில் பிள்ளை இருந்ததா என்று கேட்கவேண்டும்.' ஐயா கண்ணைத் திறந்தார். "நல்லாச் சொல்லியிருக்கிறன் என்ன?" என்றார். ஒரு காற்புள்ளியை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார். கடைக்குத் திரும்பிப் பக்கங்களை அடுக்கும்போதுதான் எனக்கு வியர்த்தது. அது வேலாயுதத்தின் பதில். இரண்டு பேரின் கடைசிப் பக்கங்களையும் நான் மாற்றி வைத்திருந்தேன்.

கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் திட்டத்தையும் சேர்த்தே சொன்னேன். "ஐயாவின்ர சொந்தப் பதிலையே அந்த இடத்தில போட்டுடுறன் அக்கா. ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கும் மனம் நோகாது. பேசாமல் இருக்கிறதும் ஒரு இரக்கம்தானே?" அக்கா வானொலியை நிறுத்தினார். "வேலாயுதம் சொன்னது இந்த மௌனத்தை இல்லை, சிவம். அவர் வீட்டு ஆக்களுக்காகப் பயந்து வாயை மூடினவர். நீர் உமக்காகப் பயந்து மூடப் பாக்கிறீர்." எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம் அது. முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். "நாளைக்குப் போவம். சொல்லுறது நீர். நான் பக்கத்தில இருக்கிறன்," என்றார்.

மறுநாள் ஐயாவின் மாடிக்குடியிருப்பில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறினார். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஆரோ சீஐடி எண்டு பயந்திட்டன்," என்று ஐயா சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் நேற்று வாசித்தது வேலாயுதத்தின் பதில் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஐயா பக்கங்களைப் பிடுங்கினார், கண்ணாடியைப் போட்டார், வரிவரியாகத் தாக்கத் தொடங்கினார். இது சப்பைக்கட்டு, இது கோழையின் வாதம், இந்தத் தொட்டில் வெறும் கண்ணீர் வியாபாரம். அக்கா எல்லாவற்றையும் கேட்டார். ஐயா களைத்தபோது அக்கா கேட்டார்: "ஐயா, நேற்று இது நல்லா இருந்தது. இண்டைக்குப் பிழையாப் போச்சுது. இடையில என்ன நடந்தது?"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "இடையில ஒரு பேர் வந்தது," என்றார். பிறகு கதிரையில் அமர்ந்தார். "நான் சங்கத்தில செயலாளரா இருக்கேக்குள்ள எங்கட ஆள் ஒருத்தரைப் பொய்க் குற்றம் சாட்டி வேலையால நிப்பாட்டினவை. எனக்கு உண்மை தெரியும். அப்ப மூத்தவள் பிறந்து பத்து நாள். நான் வாய் திறக்கேல்லை. முப்பத்தஞ்சு வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நேற்று இவர் வாசிக்கேக்குள்ள, கடைசியா அதை நான் சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சன். நெஞ்சு லேசாக் கிடந்தது." அக்கா கையை அவர் பக்கம் நீட்டினார். கண் சரியாகத் தெரியாததால் அது தேநீர்க் கோப்பையில் போய்த் தட்டியது. ஐயா கோப்பையை நகர்த்திவிட்டு அந்தக் கையைப் பிடித்தார். "வேலாயுதத்துக்கு எப்ப வாசிக்கப் போறீங்கள்?" என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். "நான் வாசிக்கிறன்," என்றார்.

சனிக்கிழமை ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் பக்கத்து ஒழுங்கையில் மூவரும் நுழைந்தோம். கதவைத் திறந்த கவிஞரின் மனைவி, ஐயாவைக் கண்டதும் உள்ளே பார்த்து, "சட்டையப் போட்டுட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார். அக்கா விளக்கம் கொடுத்தார். "எனக்குக் கண் தெரியேல்லை. சிவத்தை இனி நம்பேலாது. அதால வாசிக்க ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தனான்." வேலாயுதம் தலையாட்டினார். ஐயா வாசித்தார். பன்னிரண்டு பக்கத்தையும் மேடைப் பேச்சுப்போல வாசித்துக்கொண்டு வந்தவருக்குக் கடைசிப் பதிலில் குரல் இறங்கிவிட்டது.

"அந்த எடத்த மறுபடியும் வாசிங்க," என்றார் வேலாயுதம்.

வாசித்தார்.

"கொஞ்சம் சத்தமா."

மூன்றாம் முறையும் வாசித்துவிட்டு ஐயா நிமிர்ந்தார். "கேக்கேல்லையா?"

"மொதல் தடவையே கேட்டுச்சு. இருவது வருசம் கழிச்சு ஒங்க வாயால வருது. ஒரு தடவையில விட்டுருவேனா?"

முதலில் சிரித்தவர் கவிஞரின் மனைவி. பிறகு யார் யார் சிரித்தோம் என்று தெரியாது. அக்கா கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒப்பரேசன் செய்த கண் சிரித்தால் நோகிறது என்றார். வடை வந்தது, பிளேன்டீ வந்தது. வடை முடியுமுன்னே இருவரும் இரண்டாம் கேள்வியின் பதிலுக்காகச் சண்டை பிடிக்கத் தொடங்கி, பின்னேரம் வரை விடவில்லை. சண்முகராசா ஐயா தன் பழைய கடைசிப் பதிலை முழுதாக வெட்டிவிட்டு, சங்கத்துக் கதையை ஆட்பெயரோடு சொல்லிப் பதியச் செய்தார். அந்த இதழ் உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அக்காவின் சாவீட்டிலும் இருவரும் வந்து பந்தலுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு போன இதழில் வந்த ஏதோ ஒரு கருத்துக்காகச் சத்தமாக வாதாடத் தொடங்கினார்கள். யாரோ அடக்கப் போனார். ஷெரின் தடுத்துவிட்டாள். "விடுங்கோ. இந்தச் சத்தம் பெரியம்மாக்குப் பிடிக்கும்," என்றாள்.

எனக்கு அக்காவிடமிருந்து மிஞ்சியிருப்பது, அன்று வானொலியை நிறுத்திவிட்டு அவர் சொன்ன அந்த வித்தியாசம். வாயை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றும்போதெல்லாம், இது யாருக்காகப் பயந்து என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பத்துக்கு ஒன்பது தடவை எனக்காகத்தான். அப்போது சொல்லிவிடுகிறேன். இதனால் சில வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போனார்கள். என்னோடு பேசாமல் இருந்த ஒரு மைத்துனர் திரும்பக் கிடைத்தார்.

ஆனால் பதினாறு வருடமும் அக்காவிடம் ஒன்றைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். அது யாருக்காகப் பயந்து என்று கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பிய பஸ்ஸில் கேட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லியிருந்தால் என் வீட்டில் யாருக்கும் ஒரு தீங்கும் வந்திராது. வெறும் கூச்சம். அதனால் இப்போது, எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். உங்களோடு வேலை செய்த நாளெல்லாம் நான் சந்தோசமாக இருந்தேன், அக்கா.