மக்ரூனும் மெல்பர்ன் சம்பந்தியும்

போன சனிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில் என் அக்கா வீட்டு ஹாலில் நடந்த சம்பவத்திலிருந்து நான் இன்னும் மீளவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன். இதை டைப் அடிக்கும்போதுகூட நடுநடுவே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

நடந்தது என்ன? ஒரு பெண்மணி ஒரு மக்ரூனைக் கடித்தார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடியில் ஒரு கல்யாணமே ஆடிப்போய்விட்டது.

இருங்கள்... முதலிலிருந்து வருகிறேன்.

என் அக்கா விஜயா வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் கதவில் வரிசையாகக் குழிகள் இருக்கும். கம்பெனிக்காரன் எதற்காகச் செய்து வைத்தானோ, அதற்கு அங்கே வேலையில்லை. எலுமிச்சம்பழங்கள்தான் உட்கார்ந்திருக்கும். முட்டை என்ற வார்த்தையையே அக்கா சொல்லமாட்டாள். 'அது' என்பாள். பிறந்தநாள் கேக் வாங்கப் போனால், "அது இல்லாததுதானே?" என்று கடைக்காரரைக் கேட்பாள். பில் போடும்போது இன்னொரு தடவை. கேக் டப்பாவுக்கு ரிப்பன் கட்டும்போது மறுபடியும்.

இப்பேர்ப்பட்டவளின் ஒரே பெண் கீர்த்தனா, மெல்பர்னில் வேலை பார்க்கிறாள். அங்கே ஆலெக்ஸ் என்ற பையனைப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன், நல்ல வேலை. அக்காகூட முதலில் அரை மனதாகத் தலையாட்டிவிட்டாள். அப்புறம்தான் கேட்டாள், அவன் அம்மா என்ன செய்கிறாள் என்று.

பேக்கரி வைத்திருக்கிறார்!

"டஜன் டஜனா அதை உடைக்கிற ஆம்டா அது! என் பொண்ணு அங்க எந்த மூலையில நின்னுண்டு காபி போடுவா?" என்று ஃபோனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, அடுத்து வந்ததுதான் நிஜமான கவலை. "கோமளா மாமிக்குத் தெரிஞ்சா என்ன சொல்வா?"

கோமளா மாமி அக்காவின் மாடி ஃபிளாட்காரர். ஹோட்டலில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். வெங்காயத்துக்கே வாரத்தில் பல நாள் தடா. அக்கா வீட்டில் எந்த முடிவானாலும் மாமியின் முகத்தை மனதில் நிறுத்தித்தான் எடுக்கப்படும். புதுத் திரைச்சீலையின் நிறம் உட்பட.

கல்யாணப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. கீர்த்தனா தினமும் எனக்கு ஃபோன் செய்து அழுதாள். கடைசியில் அத்திம்பேர்தான், "நேர்ல ஒரு தடவை பார்த்துடுவோமே" என்று வழி சொன்னார். ஆலெக்ஸின் அம்மா எலனி, கடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அவருக்கு ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு யாருக்கு? "நீதானே கண்ட கடையிலயும் தின்னுட்டு பேப்பர்ல எழுதறே" என்றாள் அக்கா. நியாயம்தான். மெரினா, கபாலீஸ்வரர் கோயில் என்று நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். எலனி ஒரே வார்த்தையில் அதைக் கலைத்தார். "பேக்கரி காட்டுங்கள்."

முதலில் ராயப்பேட்டையில் என் பிரியமான பாய் கடை. காலையில் பன் வெந்து வரும் நேரத்துக்குப் போனால், தெருமுனையிலேயே வாசனை ஆளைப் பிடித்து நிறுத்திவிடும். எலனி ஒரு பட்டர் பன்னை வாங்கி அழுத்திப் பார்த்தார், பிளந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார். சாப்பிடுவதற்குள் எனக்கே பொறுமை போய்விட்டது. பிறகு கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த பஃப்களைக் காட்டி, எதற்குள் என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டைக் காணோமே என்றார்.

நான் பாயிடம் கேட்டேன். பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சீட்டு இன்னாத்துக்கு சார்? நீட்டமா இருந்தா வெஜ்ஜி. சதுரமா கீதா, முட்டை. முக்கோணம்னா சிக்கனு. ஊருக்கே தெரியுமே சார்!"

எலனி வாயைப் பிளந்துவிட்டார். "வடிவத்தை வைத்தேவா? இதை யார் தீர்மானித்தது?" என்று கேட்டார். யார் தீர்மானித்தார்கள்? எனக்கும் தெரியாது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. ஆனால் இந்த ஊரில் பிறந்த யாரும் சதுர பஃபைத் தெரியாமல் கடித்ததில்லை. இந்தச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமைக்குத் தேவைப்படும்.

அடுத்து தி.நகரில் தேங்காய் பன். அடையாறில் ஒரு மலையாளியின் டீக்கடை, கிளாஸ் டீயோடு வெட்டு கேக். அங்கேதான் எலனி தன் ஃபோனை எடுத்து அவர் கடைப் படங்களைக் காட்டினார். அடுத்த அதிர்ச்சி எனக்கு!

ஆஸ்திரேலியா என்றால் என் அறிவு கிரிக்கெட்டோடும் கங்காருவோடும் முடிந்துவிடும். பேக்கரி என்றால் ஏதோ வெள்ளைக்காரத்தனமாக ரொட்டியும் பிஸ்கட்டும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கண்ணாடிப் பெட்டியில் உலகமே இருந்தது. கறி அடைத்த மீட் பை, தேங்காய்த்துருவலில் புரட்டிய லாமிங்டன் என்ற சாக்லேட் கேக், போர்த்துகீசியர்களின் கஸ்டர்ட் டார்ட், லெபனான்காரர்களின் எள் தூவிய ரொட்டி, வியட்நாமியர்கள் மல்லித்தழையும் பச்சை மிளகாயும் வைத்துத் தரும் நீள பன்... நடுவில் எலனியின் அம்மா கிரீஸிலிருந்து கொண்டுவந்த கீரை பஃப்.

"எங்கள் பேட்டையில் பிரமாதமான மீட் பை சுடுவது யார் தெரியுமா? வியட்நாமிலிருந்து வந்த ஒரு குடும்பம்" என்றார்.

"அப்படியென்றால் இதில் ஆஸ்திரேலியா எது?"

"எல்லாமும்தான். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு அடுப்பு மூட்டினார்கள். எது யாருடையது என்று இப்போது எங்களுக்கே மறந்துவிட்டது" என்றார் எலனி.

நான் சுற்றிப் பார்த்தேன். மலையாளி கடை, அஸ்ஸாம் பையன் போட்ட டீ, இங்கிலீஷ்காரன் விட்டுப்போன கேக், சாப்பிடுவது மயிலாப்பூர்க்காரன். சரிதான், நமக்கும் இது ஒன்றும் புதிதில்லை.

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு எலனி கேட்டார். "உங்கள் அக்காவுக்கு என்னைப் பிடிக்குமா?" நூறு பேரிடம் அதட்டலாக ஆர்டர் எடுக்கிற குரல் அது. அன்றைக்கு அதில் தெம்பே இல்லை. பிடிக்கும், பிடிக்கும் என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்வது?

சனிக்கிழமை வந்தது.

அக்கா பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அத்திம்பேருக்குப் பஞ்சகச்சம் இல்லாத குறைதான். மெல்பர்னிலிருந்து கீர்த்தனா வீடியோ காலில். அவள் முகம் தெரியும்படி ஃபோனைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. எலனி கையில் ஒரு தகர டப்பா கொண்டுவந்திருந்தார். ஓட்ஸும் தேங்காயும் சர்க்கரைப்பாகும் சேர்த்துச் சுட்ட ஆன்ஸாக் பிஸ்கட். முட்டை சேர்க்கவே தேவையில்லாத பலகாரம். இதற்கென்றே யோசித்துத் தேர்ந்தெடுத்து, புதுப் பாத்திரத்தில் கலந்து, தன் கையால் செய்திருக்கிறார். அதை அக்காவிடம் இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டாள். "தேங்க் யூ, தேங்க் யூ" என்றாள். டப்பாவைத் திறக்காமல் டிவி பக்கத்தில் ஓரமாக வைத்துவிட்டாள். எலனி அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஃபோனில் கீர்த்தனாவும் பார்த்துவிட்டாள், பாவம்.

"நம்மாத்துல சாப்பிடறதைச் சாப்பிடச் சொல்லுடா" என்ற அக்கா, வெள்ளித்தட்டில் ஒரு கோபுரமே கொண்டுவந்து வைத்தாள்.

தூத்துக்குடி மக்ரூன்.

வெள்ளை வெளேரென்று, கூம்புக் கூம்பாக, வாயில் வைத்தால் கரைகிற முந்திரிப் பலகாரம். அக்காவின் பெருமை இது. இந்த ஃபிளாட்டுக்கு வந்த நாளிலிருந்து வாங்குகிறாள். விருந்தாளி வந்தால் மக்ரூன். நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு பாக்கெட் மக்ரூன். "ஸ்ட்ரிக்ட்லி வெஜிடேரியன். ஒன்லி கேஷ்யூ" என்றாள் எலனியிடம், நிமிர்ந்த தலையோடு.

எலனி ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். அப்படியே முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"ஆஹா! எவ்வளவு அருமையாக முட்டை வெள்ளையை அடித்திருக்கிறார்கள்!"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

எலனிக்குப் புரியவில்லை. பாராட்டைத்தான் நாங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, உற்சாகமாக விளக்க ஆரம்பித்துவிட்டார். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, மெதுவான சூட்டில் உலரவிட்டால்தான் இந்தப் பதம் வருமாம். அவர்கள் ஊரில் விசேஷம் என்றால் பாவ்லோவா என்று பெரிதாக ஒன்று செய்வார்களாம், அதுவும் இதே ஜாதிதானாம். "இது எங்கள் பாவ்லோவாவின் தங்கச்சி!" என்றார்.

"முட்டையாடா?" என்றாள் அக்கா என்னிடம்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நானும்தானே கிலோ கணக்கில் தின்றிருக்கிறேன்! நீட்டம், சதுரம், முக்கோணம்... எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்த ஊர், கூம்புக்கு வைக்கவில்லையே! கேக்குக்கு அத்தனை தடவை கேட்டவள், மக்ரூனுக்கு ஒரு தடவை கேட்கவில்லையே! முந்திரி என்றவுடன் நம் எல்லோருக்கும் மனசு சைவமாகிவிடுகிறது.

அக்காவின் பார்வை மெதுவாக அத்திம்பேர் பக்கம் திரும்பியது. அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா... உங்களுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்ல ஒரு தூத்துக்குடிக்காரர் இருந்தார்... என்னிக்கோ சொன்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வாங்கமாட்டியே."

அடப்பாவி மனுஷா!

அக்கா விருட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். எலனியின் முகம் வெளுத்துவிட்டது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையில் பாதி மக்ரூன், அதை வைப்பதா சாப்பிடுவதா என்று தெரியவில்லை. "நான் கெடுத்துவிட்டேன், இல்லையா?" என்றார் என்னிடம். ஃபோனுக்குள்ளே கீர்த்தனா முகத்தை மூடிக்கொண்டு, "போச்சு மாமா, எல்லாம் போச்சு" என்று விசும்பினாள்.

நான் அடுக்களைக்குப் போனேன். அக்கா குழாயைத் திறந்துவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தை ஒரு குழாயில் கொப்பளித்துவிட முடியுமா?

"என்னை விடுடா. கோமளா மாமி! வருஷா வருஷம் அவா கையில குடுத்திருக்கேனே. அம்பாள் முன்னாடி உட்கார வெச்சுக் குடுத்திருக்கேனே. அவா நாக்குல அதைக் கொண்டுபோய் வெச்சிருக்கேனேடா!" என்று அழுதாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமிகிட்டச் சொல்லிடணும். இப்பவே. அவா மூஞ்சியில முழிக்காம இந்தக் கட்டடத்துல இருக்க முடியாது" என்று கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். "இந்தக் கல்யாணமெல்லாம் நமக்கு ஒத்துவராதுடா. மாமிக்கு இதையும் சொல்லி, பேக்கரி சம்பந்தத்தையும் சொல்ல எனக்குத் தெம்பில்லை."

நானும் பின்னாடியே ஓடினேன். எலனி விடவில்லை. "சொன்னது நான், நானும் வருவேன்" என்று மாடிப்படி ஏறிவிட்டார். என் கையில் ஃபோன், ஃபோனில் கீர்த்தனா. ஊர்வலம்தான், போங்கள்.

மாமி பூ தொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலிலேயே உடைந்துவிட்டாள். தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் கொட்டினாள்... நவராத்திரி, மக்ரூன், முட்டை, இந்தம்மா சொன்ன பாவ்லோவா, தெரியாது மாமி, சத்தியமா தெரியாது மாமி.

மாமி பூவைக் கீழே வைக்கவில்லை. முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிவிட்டுச் சொன்னார்.

"அடி அசடே! உனக்கு இப்பத்தான் தெரியுமா?"

மாமி அடுத்த பூவை எடுத்தார்.

"எங்காத்துக்காரருக்குத் தூத்துக்குடி ஹார்பர்லதானே உத்யோகம். பேக்கரிக்குப் பின்சந்துல குடியிருந்தோம். கூடை கூடையா முட்டை ஓடு கொட்டுவான்."

"மாமி... தெரிஞ்சுமா வாங்கிண்டேள்?" என்றாள் அக்கா.

"நானா கடைக்குப் போய் வாங்கினாத்தானே பாவம்? நீ வெத்தலை பாக்கோடன்னா குடுக்கறே! ஒருத்தர் குடுக்கற வெத்தலை பாக்கை வேண்டாம்னு சொல்லலாமோ?"

சொல்லிவிட்டு, அக்காவுக்குப் பின்னால் கைகளைப் பிசைந்துகொண்டு நின்ற எலனியை மேலும் கீழும் பார்த்தார். "இவாதான் சம்பந்தியா?" அந்தச் சமாச்சாரமும் மாடிக்கு எப்போதோ எட்டியிருக்கிறது!

அக்கா திரும்பினாள். எலனியின் கையில் இன்னும் அந்தப் பாதி மக்ரூன் இருந்தது. அதைப் பார்த்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆமா மாமி. சம்பந்திதான்."

ஃபோனுக்குள்ளே கீர்த்தனா போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது. எலனிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பிடித்த பிடியிலேயே புரிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்து அக்கா மறுபடி அழுதாள். கீழே போய் அந்த ஆன்ஸாக் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று தரவேண்டும் என்று எனக்கு உத்தரவு வேறு.

மாமிக்கு இந்த அழுகையிலெல்லாம் அக்கறையில்லை. அவருக்கு வேறு ஒரு சந்தேகம். "அவா ஊர்ல இதைப் பெருசா பண்ணுவாளாமே, எவ்ளோ பெருசு?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். எலனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து ஒரு தாம்பாள அளவு காட்டினார்.

மாமி பூச்சரத்தை அறுத்து, எலனியிடம் நீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கல்யாணத்துக்கு அதைப் பண்ணச் சொல்லு. மறக்காம... வெத்தலை பாக்கோட குடுக்கச் சொல்லு."