படத்தில் இருப்பவர் அண்ணன்தான்

எங்கள் அண்ணன், நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பிறந்தார். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். பிள்ளைகள் மூவர்: அக்கா, அண்ணன், கடைசியாக நான். பதினெட்டு வயதில் தொடங்கி முப்பத்தொன்பது வயது வரை அண்ணன் கூலி வாங்கிக் கால்பந்து ஆடினார். அதுதான் அவருடைய தொழில்.

இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. சென்னையில் ஓர் அரசுத் துறை அணியில் இருந்தபோது திருட்டுத்தனம் செய்து விரட்டப்பட்டார் என்று உறவில் ஒரு பேச்சு. பிழைக்கத் தெரியாமல் வேலையை விட்டுவிட்டு வந்தார் என்று இன்னொரு பேச்சு. அண்ணன் காதிலும் இரண்டும் விழுந்தன. மறுத்துப் பேச அவர் மெனக்கெடவில்லை. நான் முப்பது ஆண்டுகள் நாளிதழுக்குச் செய்தி எழுதியவன். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. ஏன் என்பதும் இதிலேயே தெரியும்.

அண்ணன் நின்ற இடம் முன்வரிசை நடு. அவர் அணியின் கோல்கீப்பர் ஓங்கி உதைக்கும் பந்து பாதி மைதானத்தைத் தாண்டி உயரத்திலிருந்து இறங்கும். அண்ணன் எதிர்கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். பின்னாலிருந்து ஒருவன் இடித்துக்கொண்டே இருப்பான். பந்து அவர் நெஞ்சில் பட்டால் எகிறாது. வழுக்கி இறங்கி இடது கால் பக்கத்தில் நிற்கும். ‘ரிசீவ்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். எப்படி வருகிறது என்று ஒருமுறை கேட்டேன்.

“லாரியிலேர்ந்து மூட்டய தள்ளுறப்ப அப்பா இன்னா பண்ணுவாரு? வெறப்பா நின்னா தோளு பூடும். மூட்டகூடவே ஒரு சாண் எறங்குவாரு. அவ்ளோதான்டா. பந்து மூட்டய வுட வெயிட்டு கம்மி.”

அந்தக் காலத்தில் ஊர்ப் போட்டிகளில் அந்தந்த ஊர்க்காரர்கள்தான் ஆடலாம் என்று விதி இருந்தது. வெளியாட்களைக் கூலிக்கு அழைத்து, உள்ளூர்ப் பையன்களின் பெயரில் இறக்குவது வழக்கமாகவும் இருந்தது. எல்லா அணிகளும் செய்தன. நைனார்பாளையத்தை ஒட்டிய ஊரில் நடந்த ஒரு போட்டியில், அரிசி மில் முதலாளி ஒருவரின் மகன் பெயரில் அண்ணன் ஆடினார். அந்தப் பெயருக்கு உரியவர் கோட்டுக்கு வெளியே நின்று, தன் பெயரைத் தானே சொல்லிக் கை தட்டிக்கொண்டிருந்தார். இறுதியாட்டத்தில் அண்ணன் இரண்டு கோல் போட்டார். கோப்பை அந்த ஊருக்குப் போயிற்று.

நான் அப்போது பகுதிநேர நிருபர். வென்ற அணியின் படத்தை என் நாளிதழின் தென்னார்க்காடு மாவட்டப் பக்கத்துக்கு அனுப்பியது நான். படத்தின் கீழே பெயர்களை எழுதியதும் நான். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் உடன்பிறந்த அண்ணன் என்று தெரிந்தே, அணிப் பட்டியலில் இருந்தபடி மில் முதலாளி மகனின் பெயரை எழுதினேன். உண்மையை எழுதினால் கோப்பையைத் திருப்பிக் கேட்பார்கள் என்று அணியினர் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அதே படம் அண்ணனுக்கான இந்த நினைவு மலரின் பின்னட்டையில் இருக்கிறது, சரியான பெயருடன்.

மறு ஆண்டு சென்னைத் துறை அணி அண்ணனை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. இரண்டு பருவம் நன்றாக ஆடினால் நிரந்தர வேலை என்பது பேச்சு. அண்ணன் நன்றாக ஆடினார். வேலைக்கான உத்தரவு தயாராகும் நேரத்தில், யாரோ அந்தச் செய்தித்தாள் படத்தை வெட்டி, ஆள்மாறாட்டம் என்று எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதிகாரி அண்ணனை அழைத்தார். அணியின் கோல்கீப்பர் கதவோரம் நின்றிருந்தார். அண்ணன் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது, உள்ளே நடந்த பேச்சை அவர் மறுபடி எங்களுக்குச் சொன்னார்.

“படத்துல இருக்கிறது நானில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுப்பா. கீழ வேற பேருதான போட்டிருக்குது? விஷயம் முடிஞ்சுது.”

“மூஞ்சி என்னுதுங்க ஐயா. இல்லன்னு எப்படிங்க எழுதறது?”

“உன் நல்லதுக்குச் சொல்றேன். ஆர்டர் டேபிள்ல இருக்குது.”

“வேற பேருல ஆடுனது தப்புதாங்க. அதுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, குடுக்கறேன். அந்த ரெண்டு கோல் என்னுது இல்லன்னு எழுத மாட்டேங்க.”

அண்ணன் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். படத்தில் இருப்பவன் நான்தான் என்பது அந்த வரி. ஒப்பந்தம் அன்றோடு ரத்தானது. அண்ணன் செய்தது தவறு என்பதை நான் மறைக்கவில்லை. அவரும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் ஓய்வூதியத்தோடு இறந்திருப்பார். திருடன் என்றும் பிழைக்கத் தெரியாதவர் என்றும் சொன்னவர்கள் இதற்கு முந்தைய இரண்டு வாக்கியங்களையும் இன்னொரு முறை படிக்கலாம்.

ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவரிடம், “எல்லாம் நான் போட்ட பேராலதாண்ணா” என்றேன்.

“நீ லிஸ்ட்டுல இருந்தத எழுதின. எழுதலன்னா மட்டும் அங்க நின்னது நான் இல்லன்னு ஆயிடுமா? போடா, போயி டீ சொல்லு” என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. திருத்தம் வெளியிடும்படி நானும் என் நாளிதழைக் கேட்கவில்லை.

வார நாட்களில் கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளிக்கிழங்கு லாரிகளுக்கு லோடு ஏற்றினார். ஞாயிறுகளில் ஆடப் போனார். கூலிக்கு அழைத்தவர்களிடம் ஒரே நிபந்தனைதான் வைத்தார். ஆட்டம் தொடங்கும் முன் தன் பெயர், அப்பா பெயர், கருணாபுரம் மூன்றையும் மைக்கில் சொல்லவேண்டும். இதனால் பல ஊர்கள் அவரை அழைப்பதை நிறுத்தின.

வெள்ளிமலையில் ஒரு போட்டி. நானும் போயிருந்தேன். நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு அழைத்தவர்கள், மைதானத்துக்கு வந்ததும் உள்ளூர்ப் பெயரை நீட்டினார்கள். அண்ணன் பூட்ஸைக் கழற்றி லாரிப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கிவிட்டது. அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தது. அமைப்பாளர் ஓடி வந்தார்.

“அண்ணே, பேருல இன்னா இருக்குது? ஆட்டம் கால்லதான இருக்குது?”

“அந்தக் காலு எம் பேருலதான்யா இருக்குது.”

“ரெண்டு கோல் வாங்கிட்டாங்கண்ணே.”

“நானும் பாத்துக்கினுதான் கீறேன்.”

கூட்டத்தில் யாரோ, “கருணாபுரத்து கலெக்டரு, கெஜட்ல பேரு வந்தாதான் எறங்குவாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. இடைவேளையில் மைக்கில் மூன்று பெயர்களும் சரியாகச் சொல்லப்பட்டன. அண்ணன் இறங்கி ஒரு கோல் போட்டார். இருந்தும் அவர் அணி தோற்றது. அதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அண்ணி எலவனாசூர்கோட்டைக்காரர். பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அக்காவின் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவதற்குள், “பந்து ஆடறேங்க, லோடு ஏத்தறேங்க” என்று அண்ணனே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத்தான் சம்மதம் சொன்னேன் என்று அண்ணி பின்னால் சொன்னார். ஒரே மகளை நர்சிங் படிக்க வைத்தார்கள். இரு முழங்காலும் ஓய்ந்த பிறகு அண்ணன் ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு சின்னசேலம் அருகே ஒரு ஜவ்வரிசி ஆலையில் காவலுக்கு நின்றார். கடைசி மூன்று மாதம் இதயம் ஒத்துழைக்கவில்லை. மருந்தை வேளை தவறாமல் சாப்பிட்டார். அனுதாபத்தோடு வந்தவர்களை, “சாவு வூட்டுக்கு வந்தா மாரி உக்காராத, வேற பேச்சு பேசு” என்று அதட்டினார். ஒரு காலை நேரத்தில், மகள் பக்கத்தில் இருக்க, அமைதியாக மூச்சு நின்றது.

அந்த மூன்று மாதமும் முகம் சுளிக்காமல் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த கோல்கீப்பர் அண்ணனுக்கும், அன்று ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தோள் கொடுத்த லாரி ஓட்டுநர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஃபிளக்ஸ் கடைக்காரருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும்.

அக்காவின் கணவர், அண்ணன்மேல் இருந்த பாசத்தில், தெருமுனையில் கட்டிய அஞ்சலி ஃபிளக்ஸில் ‘ஓய்வு பெற்ற அரசு ஊழியர்’ என்று அச்சடித்திருந்தார். அண்ணி வாசலில் இருந்தே அதைப் படித்தார்.

“இன்னாண்ணா இது?”

“நாலு பேரு பாப்பாங்க, கவுரவமா இருக்கட்டும்னுதாம்மா.”

“பொய்யா ஒரு வரி எழுதுனா கெடச்சிருக்கும் அந்த வேல. அவரு எழுதல. இப்ப நீங்க எழுதறீங்களா? கயட்டுங்கண்ணா.”

அக்காவின் கணவரே ஏணி வைத்து ஏறிக் கழற்றினார். சவம் எடுப்பதற்குள் கடைக்காரர் புதிதாக அடித்துக் கொடுத்தார். ‘கால்பந்து ஆட்டக்காரர்’ என்று மட்டும் போட்டால் போதும் என்றார் அண்ணி. மாலையோடு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் ஃபிளக்ஸைப் பார்த்துவிட்டு, “எந்த ஆபீசு டீமுலங்க இருந்தாரு?” என்று விசாரித்தார்.

“எந்த ஆபீசுலயும் இல்லீங்க” என்றார் அண்ணி. “கிரவுண்டுல இருந்தாரு.”