உப்பு வைத்த இலை

நினைவு நாள் விழா என்றாலே எனக்குக் குமட்டும். செத்தவர் திரும்பி வந்து கேட்கப்போவதில்லை என்ற தைரியத்தில் ஆளாளுக்கு அவரைச் சொந்தம் கொண்டாடுவார்கள். டாக்டர் பஞ்சநாதனின் முதலாம் ஆண்டு நினைவு நாளும் அப்படித்தான் விடிந்தது. மரக்காணத்தில் அவர் கட்டிய தீக்காய மருத்துவமனை வாசலில் பெரிய பேனர். அதில் அவர் படம் கையளவு, கமிட்டிக்காரர்களின் மூஞ்சிகள் ஆளுயரம்.

நான் அங்கே நர்ஸ். ஆனால் சொல்ல வந்தது அருக்காணியைப் பற்றி.

அருக்காணி உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவள். இளவயதில் அடுப்புத் தீ புடவையில் பற்றியது. உயிர் பிழைத்தாள், ஆனால் கழுத்துத் தோல் சுருங்கி முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பல வருஷம் தரையைப் பார்த்தே நடந்தாள். டாக்டர்தான் அந்தத் தோலை அறுத்துவிட்டு, தொடைத் தோலை எடுத்து ஒட்டித் தலையை நிமிர்த்தினார். நிமிர்ந்த தலை அதன் பிறகு யாருக்காகவும் குனியவில்லை. வாயும் அப்படித்தான்.

அந்த மருத்துவமனை ஊர் கூடி இழுத்த தேர். உப்பள முதலாளிகள் நிலம் கொடுத்தார்கள். கோட்டக்குப்பத்துக் குடும்பங்கள் துபாய்ப் பணத்தில் கட்டில் வாங்கிப் போட்டன. கிளியனூர்ப் பக்கத்து வாழைத்தோட்டக்காரர்களிடம் டாக்டர் கேட்டது இலை மட்டும்தான். வெந்த உடம்பு துணியில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் தோலும் சேர்ந்து வரும். இளம் வாழையிலையில் ஒட்டாது. நோயாளிக்கு அதுதான் பாய்.

அந்த இலையை தினமும் கொண்டு வருவது அருக்காணி. விடியற்காலை இலவச பஸ்ஸில் போய்க் கட்டோடு திரும்புவாள். கட்டுக்கு டிக்கெட் எடு என்று கண்டக்டர் முறைத்தால், “இது வெந்தவங்க படுக்கிற பாயிப்பா. நீ வேணா ஒரு நாள் வந்து படு, அப்புறம் டிக்கெட் கிழி” என்பாள்.

விழாவன்றும் இலை வந்தது. வார்டுக்குப் பின்னால் கழுவும் அறையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். மேடையில் அவளை உட்காரவைத்துக் கழுத்துத் தழும்பைக் காட்டிப் பொன்னாடை போர்த்துவதாகக் கமிட்டித் தலைவரான உப்பள முதலாளி அசோகன் சொல்லியிருந்தார். “நான் என்ன பொருட்காட்சியா?” என்று மறுத்துவிட்டாள்.

வார்டில் கலைமதி என்ற பெண். டீக்கடையில் பஜ்ஜி எண்ணெய் கவிழ்ந்து கால்களும் தொடையும் சுற்றிலும் வெந்து மல்லாந்து கிடந்தாள். அடியில் இருந்த இலை வாடிக் காயத் தொடங்கியிருந்தது. முனகினாள். புது இலை எடுக்கப் போனேன். அறை காலி.

தேடிக்கொண்டு வெளியே வந்தேன். பந்தலில் சாப்பாட்டுப் பந்தி போட்டிருந்தார்கள். சமையல்காரர் சொல்லியிருந்த இலை வரவில்லையாம். அசோகனின் ஆட்கள் எங்கள் இலைக்கட்டை அவிழ்த்து வரிசையாக விரித்துவிட்டார்கள். இலையிலெல்லாம் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பும் வைத்தாகிவிட்டது. வெந்த உடம்பு படுக்க வேண்டிய இலையில் உப்பு.

எனக்கு முன்பே அருக்காணி அங்கே நின்றிருந்தாள்.

“வாம்மா அருக்காணி, நீயும் உக்காரு. டாக்டரு ஆத்மா குளிரட்டும்” என்றார் பந்தியில் உட்கார்ந்திருந்த அசோகன்.

“இது யாரு எல மொதலாளி?”

“எலதானம்மா. சாயங்காலம் ரெண்டு கட்டு வாங்கித் தர்றேன்.”

“சாயங்காலம் வரைக்கும் அந்தப் பொண்ணு எதுல படுக்கும்? உங்க பேனர்லயா?”

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அசோகனுக்கு முகம் சுண்டியது. “நல்ல நாள் அதுவுமா ஏம்மா வம்பு பண்ற?” என்றார்.

பரிமாறுகிறவர் கையில் இன்னும் விரிக்காத இலைகள் கொஞ்சம் இருந்தன. அருக்காணி அவற்றைப் பிடுங்கிக்கொண்டாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“பம்பு செட்டு டீசல் பத்திக்கினு முதுகு வெந்து வந்தீங்களே, மாசக்கணக்குல எலைலயே கெடந்தீங்களே, அப்பவும் நான்தான் எல கொண்டாந்தேன். உங்க எலைல யாரும் உப்பு வைக்கல மொதலாளி.”

அசோகன் குனிந்து தன் இலையைப் பார்த்தார். சாப்பிடாமலே எழுந்து போனார். மற்றவர்களுக்கு அதெல்லாம் ஒன்றும் உறைக்கவில்லை. சாம்பார் வந்தது, வடை வந்தது, பாயசம் இன்னொரு கரண்டி கேட்டார்கள். அவர்கள் ரசத்தை உறிஞ்சிய சத்தம் வார்டு வரைக்கும் என்னைத் துரத்தி வந்தது.

கொதித்து ஆறிய தண்ணீரில் இலைகளைக் கழுவினோம். அன்றைப் பொழுதுக்கு மட்டும் போதும். நானும் அருக்காணியும் கலைமதியை மெல்லத் தூக்கி, காய்ந்ததை உருவிவிட்டுப் புது இலையை அடியில் விட்டோம். அவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள். வெளியே மைக்கில், டாக்டர் வழியில் நடப்போம் என்று யாரோ முழங்கினார்கள்.

“டாக்டருக்கு நினைவு நாளாமே” என்றாள் கலைமதி. “என்னக்கா பண்றாங்க அங்க?”

அருக்காணி இலையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“திங்கிறாங்க” என்றாள்.