காலிப் பெட்டியோடு வந்தவர்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் காலாட்டி. நாற்காலியில் உட்கார்ந்த மறுநொடியே வலது கால் ஆடத் தொடங்கிவிடும். மேசை மேல் இருக்கும் தேநீர்க் கோப்பை தட்டோடு சேர்ந்து கிலுகிலுக்கும். உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் எதற்கு வந்தோம் என்று பாதி வழியில் திரும்ப வேண்டும். இப்படிப்பட்ட மனிதரைப் பிடித்து, காத்திருப்பதையே வேலையாகக் கொண்ட நாற்காலியில் முக்கால் ஆயுள் உட்கார வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

வேலை இதுதான். நாட்டின் மிக உயர்ந்த விருது ஒன்று உண்டு. பெரிய தலைவர்கள், தூதர்கள், தலைமை நீதிபதிகள் போன்றவர்களுக்கு மட்டும் கொடுப்பது. எல்லோரும் அதைப் பொன்னாரம் என்பார்கள். உண்மையில் வெள்ளிச் சங்கிலிக்குப் பொன் முலாம். ஒரே காலத்தில் பன்னிரண்டு பேர்தான் அதை வைத்திருக்கலாம். புதிதாக ஆரம் செய்கிற பேச்சே கிடையாது. ஒருவர் கண்ணை மூடினால் அவருடைய ஆரம் திரும்பி வந்து, துடைக்கப்பட்டு மெருகேறி, அடுத்தவர் கழுத்துக்குப் போகும். அதைப் போய் வாங்கி வருகிறவர்தான் காலாட்டி.

அதிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அரசாங்கத்தின் மலர்வளையம் போய்ச் சேரும் முன் ஆரத்தை வாங்கி வைக்கும் பெட்டி போய்ச் சேர வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு குடும்பம் ஆரத்தையும் சேர்த்தே புதைத்துவிட்டதாம். அன்றிலிருந்து இந்த அவசரம். ஆகவே உடம்பின் சூடு ஆறும் முன்னே, கறுப்புக் கோட்டும் உள்ளே வெல்வெட் வைத்த காலிப் பெட்டியுமாக இவர் வாசலில் நிற்பார். அழுகிற வீட்டில் இவரைக் கண்டால் அழுகை நின்று முறைப்பு தொடங்கும். எமன் வந்து போன கையோடு அவன் குமாஸ்தாவும் வந்துவிட்டான் என்று ஒரு நீதிபதியின் மருமகன் இவர் காதுபடவே சொன்னான். வீட்டு அலமாரியில் அந்தக் கோட்டை மாட்டக் கூடாது என்று மனைவி தடை போட்டிருந்தாள். அலுவலகத்துக்கு எடுத்துப் போகாத நேரத்தில் அது மாடிப்படிக்குக் கீழே, ஒட்டடைக் குச்சிக்குப் பக்கத்தில் தொங்கியது. இத்தனை வருடத்தில் தன்னைக் கழுகாகப் பார்க்காத வீடு ஒன்றாவது கிடைக்காதா என்பதுதான் அந்த மனிதரின் ஏக்கம். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வருடம் பன்னிரண்டு இடமும் நிறைந்திருந்தது. பதின்மூன்றாவதாக ஒரு மந்திரி, பதவி முடிவதற்குள் ஆரம் கழுத்தில் விழ வேண்டும் என்று குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு பேரில் மூத்தவர் ஒரு பழைய வெளியுறவு மந்திரி. தொண்ணூறைத் தாண்டியவர், இதயக் கோளாறு வேறு. தினமும் காலையில் பெரியவர் வீட்டுக்குத் தொலைபேசியில் நலம் விசாரிக்கச் சொல்லி விருதுத் துறைச் செயலாளர் காலாட்டிக்கு உத்தரவிட்டார். எந்த நலம் என்று இருவருக்குமே தெரியும். நர்ஸ் எடுப்பாள், தூங்கினார், சாப்பிட்டார் என்பாள். அதைக் கேட்டுச் செயலாளரின் முகம் சுண்டிப்போகும்.

ஒரு நாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் மந்திரியின் ஆள் ஒருவன், பெரியவர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று தகவல் சொன்னான். பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் செயலாளரே சொன்னார். ஆனால் காலாட்டியின் கால் நிற்குமா? மலர்வளையம் முந்திவிட்டால் என்ன செய்வது என்ற பதற்றத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்ஸி பிடித்துவிட்டார்.

கதவைத் திறந்தவர் பெரியவர். பாதி முகத்தில் சவர நுரை, கையில் ரேசர். சமையற்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதால் அவரோடு நர்ஸும் ஆம்புலன்ஸில் போயிருந்தாள். பெரியவர் கறுப்புக் கோட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டீங்க, தம்பி."

காலாட்டிக்குப் பூமி பிளந்து உள்ளே விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்துப் பெரியவர் மகளின் கார் வந்து நின்றது. அவளுக்குப் பெட்டி எதற்கு என்று தெரியும். வெளியே போகும்படி சொன்னாள். மேலிடத்தில் புகார் கொடுத்து வேலையை விட்டே துரத்துவதாகச் சொன்னாள். பெரியவர்தான் அவளை அடக்கி, வந்தவரை உட்காரச் சொல்லி, மிச்ச நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"தினம் காலையில ஃபோன் பண்றது நீங்கதானே? யாருக்காக?"

காலாட்டியின் கால் தறிகெட்டு ஆடியது.

"சொல்ல வேண்டாம். எனக்கு முன்னாடி இந்த ஆரம் வேற ஒருத்தர்கிட்ட இருந்தது. நானும் ஆள் வெச்சு விசாரிச்சவன்தான். அவர் நல்லா இருக்கார்னு பதில் வந்தா அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது." பெரியவர் குலுங்கிச் சிரித்தார். "நாளையிலேர்ந்து நானே ஃபோன் எடுக்கறேன். நீங்க கேளுங்க. ஆனா நிஜமாவே கேக்கணும்."

மறுநாள் காலாட்டி பாடம் ஒப்பிப்பது போலத்தான் கேட்டார். போகப் போகப் பழகிவிட்டது. மூட்டு வலியில் தொடங்கும் பேச்சு பக்கத்து வீட்டு நாயின் அட்டகாசத்துக்கும், காலாட்டியின் மனைவி போடும் தடைகளுக்கும் தாவும். கோப்பை கிலுகிலுப்பது அந்தப் பக்கம் கேட்டால், காலை நிறுத்தச் சொல்லி அதட்டுவார் பெரியவர். கால் நின்றுவிடும். ஊரில் வேறு யார் சொல்லியும் நிற்காத கால் அது. பெரியவர் நன்றாக இருக்கிறார் என்று சொல்லும்போது இவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் செயலாளருக்குப் பிடிக்கவேயில்லை.

பிறகு மந்திரி ஏதோ ஊழலில் மாட்டிப் பதவி இழந்தார். பொன்னாரத்துக்கு வரிசையில் யாரும் இல்லை. இனி அந்த வீட்டுக்கு ஃபோன் வேண்டாம், காரணமில்லாமல் பெரிய மனிதர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குக் காலாட்டி ரிசீவரை எடுத்தார், வைத்தார். உத்தரவு இல்லாமல் கூப்பிட்டு என்ன சொல்வது? உங்கள் சாவுக்குக் காத்திருந்தவர் போய்விட்டார், ஆனாலும் கேட்கிறேன் என்றா? எழுந்தார், ஜன்னல் வரை நடந்தார், திரும்பினார், மறுபடி எடுத்தார், வைத்தார். மாலையில் வீட்டிலும் இதே நடை. மனைவி பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் கேட்டாள்.

"நம்ம வீட்டு ஃபோன்லேர்ந்து பண்ணுங்களேன். யாரு உங்க தலையை வாங்கப் போறாங்க?"

நாளைக்குப் பண்ணுகிறேன் என்றார். நாளை நாளை என்றே ஒரு வாரம் ஓடிவிட்டது.

அதற்கு அடுத்த நாள் அலுவலகத்தில் அவர் மேசைத் தொலைபேசி தானாக அடித்தது. பெரியவரின் மகள். அப்பா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார், பெட்டியைக் கொண்டு வாருங்கள் என்றாள். ஒரு வீடு இவரைக் கூப்பிட்டு வரவழைத்தது அதுவே முதல் தடவை.

வாசலில் யாரும் முறைக்கவில்லை. மகள் அவரைப் பெரியவரின் அறைக்கு அழைத்துப் போய், தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். ஆரத்தை அப்பா முன்னமே துடைத்து வைத்துவிட்டார் என்று சொல்லி, அவளே அதைப் பெட்டிக்குள் வைத்து மூடி அவர் மடியில் கொடுத்தாள். பிறகும் போகாமல் நின்றாள்.

"இந்த வாரம் முழுக்கச் சவரம் பண்ணிட்டு இந்த நாற்காலியிலயேதான் உக்காந்திருந்தார். ஃபோன் வரலைன்னதும் உங்களுக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லைன்னு நினைச்சுட்டார். ஆபீசுக்குப் பண்ணிக் கேளுன்னு தினமும் சொன்னார். நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு விட்டுட்டேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப பரவாயில்லையா உங்களுக்கு?"

நன்றாகத்தான் இருந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மடியில் இருந்த பெட்டிக்குள் ஆரம் கிலுகிலுவென்று சத்தம் போட்டது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். நிற்கவில்லை.